மறுக்க இயலாத ஆட்சி: உரோமானியப் பேரரசர்களும் கட்டாயத்தின் அறமும்

அரச பதவியைத் தவப்பேறாகக் கருதுவதே உலக வழக்கு. ஆயின் கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளின் உரோமானிய வரலாற்றைக் கற்போரிடத்து இக்கருத்து நெடிது நிலைப்பதில்லை. கி.பி. 235 முதல் 284 வரையிலான 49 ஆண்டுகளில் உரோம் நகரின் ஏற்பைப் பெற்ற பேரரசர்கள் மட்டுமே இருபதின்மருக்கு மேற்பட்டோர். அவருள் நோயால் இறந்தார் என ஓரளவு உறுதியாகச் சொல்லத்தக்கவர் 270இல் கொள்ளைநோய்க்கு இரையான இரண்டாம் கிளாடியஸ் முதலிய மிகச் சிலரே. டீசியஸ் 251இல் கோத்தியரோடு பொருது வீழ்ந்தார். வலேரியன் 260இல் பாரசீக மன்னன் முதலாம் ஷாப்பூரிடம் சிறைப்பட்டார். ஏனையோருள் பெரும்பாலோர் தம் படைஞர் கையாலோ அப்படைஞர் எழுப்பிவிட்ட போட்டியாளர் கையாலோ மாண்டனர். இவ்விறப்புகளின் வரிசை வரலாற்று நூல்களில் எளிதிற் கிடைப்பது. இக்கட்டுரை எழுப்பும் வினா வேறு. மறுப்பினும் இறப்பு, ஏற்பினும் இறப்பு என்னும் நிலையில் ஒருவன் பதவியை ஏற்கிறான். ஏற்றபின் தன் உயிரைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தீமை செய்கிறான். அத்தீமைக்கு அவன் எத்துணைப் பொறுப்பாவான் என்பதே அவ்வினா.

இச்சிக்கலின் வேர் பதவியின் பெயரிலேயே உள்ளது. தமிழில் பேரரசர் என மொழிபெயர்க்கப்பெறும் 'இம்பெராட்டர்' என்னும் இலத்தீன் சொல் தொடக்கத்தில் அரசனைக் குறித்ததன்று. போரில் வென்ற தலைவனை வீரர்கள் களத்திலேயே ஆரவாரித்து அழைத்த சிறப்புப் பெயர் அது. அரசன் என்னும் சொல்லையே வெறுத்த மக்களிடையே ஆட்சியைக் கைக்கொண்ட அகஸ்டஸ், கி.மு. 27இல் குடியரசை மீட்டளித்தவராகத் தம்மைக் காட்டிக்கொண்டார். அரசன் இல்லை எனின் அரசுரிமைச் சட்டமும் இல்லை. ஒருவர் இறந்தபின் அடுத்தவர் யார் என்பதை உறுதிசெய்யும் விதி ஏதுமின்றியே அப்பேரரசு நூற்றாண்டுகளைக் கடந்தது. வளர்ப்பு மகனாக ஏற்றல், செனட் அவையின் இசைவு, குருதியுறவு ஆகியன துணை செய்தன. அவை தவறியபோது படையின் குரலே எஞ்சி நின்றது. திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் அரசனுக்குரிய ஆறு உடைமைகளுள் படையை முதற்கண் வைத்து எண்ணுகிறது. ஆங்குப் படை அரசனின் உடைமை. மூன்றாம் நூற்றாண்டு உரோமிலோ பேரரசரே படையின் உடைமை. தமிழ்ச் சொல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுவதால், இவ்வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் இதனை நினைவிற்கொள்ளுதல் நலம்.

மறுப்பின் விலை

கி.பி. 238இல் வட ஆப்பிரிக்காவின் திஸ்ட்ரஸ் நகரில், வரிக்கொடுமைக்கு ஆளான நிலக்கிழார்கள் பேரரசின் நிதி அலுவலரைக் கொன்றனர். அக்குற்றத்திற்கு மன்னிப்பு இராது என்பதை அவர்கள் அறிவர். எனவே ஏறத்தாழ எண்பது அகவையினரான ஆளுநர் கோர்டியனின் இல்லத்துள் வாளொடு புகுந்து, அவர்மேல் ஊதா ஆடையைப் போர்த்தி, பேரரசர் என வாழ்த்தினர். முதியவர் மன்றாடினார் என்றும், மறுத்தால் அப்பொழுதே கொல்லப்படுவார் என அச்சுறுத்தப்பட்டார் என்றும் ஹெரோடியன் எழுதுகிறார். ஊதா ஆடையை ஒரு கணம் தோளில் ஏற்ற எவரையும் அப்போதைய பேரரசர் மாக்சிமினஸ் உயிரோடு விடப்போவதில்லை. ஏறத்தாழ மூன்று வாரத்தில் மகன் போரில் மடிய, கோர்டியன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். டீசியஸின் கதையும் இத்தகையதே. டான்யூப் எல்லைப் படையின் கலகத்தை அடக்குமாறு பேரரசர் பிலிப்பால் அனுப்பப்பெற்ற அவரை, 249இல் அப்படையே கட்டாயப்படுத்திப் பேரரசராக்கியதாகப் பிற்கால வரலாற்றாசிரியர் கூறுவர். வென்றவர் தரப்பு புனைந்துரைத்த சமாதானமாகவும் இஃது இருத்தல் கூடும். விருப்பத்தோடு கைப்பற்றியோரும் கட்டாயத்தால் ஏற்றதாகச் சொல்லிக்கொள்வது வழக்கமாகிவிட்ட காலம் அது.

இத்தகைய செயல்களை அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலின் மூன்றாம் நூலில் ஆராய்கிறார். புயலிற் சிக்கிய கலத்திலிருந்து சரக்குகளைக் கடலில் எறிவோன் விரும்பி எறிகிறானா, விரும்பாது எறிகிறானா? பெற்றோரையும் மக்களையும் தன் பிடியில் வைத்துள்ள கொடுங்கோலன் இழிசெயல் ஒன்றைச் செய்யப் பணித்தால், அதனைச் செய்வோனின் நிலை யாது? இவற்றைக் கலப்புச் செயல்கள் என வகுக்கும் அரிஸ்டாட்டில், செய்யும் கணத்தில் தேர்ந்தே செய்யப்படுவதால் அவை விரும்பிச் செய்தவற்றையே பெரிதும் ஒத்தவை என்பார். சிலவற்றிற்கு மன்னிப்பு உண்டு. உயிரே போயினும் செய்யத்தகாத சிலவும் உண்டு என்பது அவர் முடிபு. கோர்டியன் ஊதா ஆடையை ஏற்றது சரக்கை எறிந்த மாலுமியின் செயலைப் போன்றது. ஆனால் எறியப்பட்டது அவருடைய சரக்கு மட்டுமன்று. அவர் மகனும், அம்மகனின் பின்னே போதிய படைக்கலமின்றிக் களம் புகுந்த கார்த்தேஜ் மக்களும் அதில் அடங்குவர்.

மறுத்தும் வாழ்ந்த ஒருவர் உண்டு. கி.பி. 68இல் மேல் ஜெர்மானியப் படையின் தலைவராக விண்டெக்ஸின் கிளர்ச்சியை முறியடித்த வெர்ஜீனியஸ் ரூஃபஸை அவர் வீரர்கள் பேரரசராக்க முனைந்தனர், அவர் இணங்கவில்லை. அடுத்த ஆண்டில் ஓத்தோ தற்கொலை செய்துகொண்டபின் வீரர்கள் மீண்டும் அவர் இல்லத்தைச் சூழ்ந்தனர். அவர் வேறொரு வாயில் வழியாக நழுவிச் சென்றார். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டு வாழ்ந்து, 97இல் மூன்றாம் முறையாகக் கான்சல் பதவி ஏற்று, நன்றியுரை நிகழ்த்தப் பயிலுகையில் கையிலிருந்து நழுவிய கனத்த நூலொன்றை எடுக்கக் குனிந்து வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, 83ஆம் அகவையில் இறந்தார். இரங்கலுரை நிகழ்த்தியவர் டாசிட்டஸ். இவற்றை எழுதிவைத்தவர் இளைய பிளினி. அரியணைக்கு இருமுறை தப்பியவரை ஒரு புத்தகம் வீழ்த்தியது.

வெர்ஜீனியஸின் மறுப்பைப் போற்றுவோர் பலர். அதன்மேல் இரு தடைகளை எழுப்பலாம். அவர் குதிரை வீரர் வகுப்புக் குடும்பத்தில் பிறந்தவர். உயர்குடிச் சிறப்பு இல்லாமையால், மறுத்தபின் அவரைக் கண்டு பின்வந்தோர் அஞ்சவில்லை. புகழ்பெற்ற குடியிற் பிறந்தவனுக்கு மறுப்பும் பாதுகாப்பாகாது. மறுக்கும் வாய்ப்பும் எல்லார்க்கும் ஒத்த அளவில் இல்லை என்பது இதனாற் பெறப்படும். மற்றொரு தடை இதனினும் கடுமையானது. அவர் மறுத்த அரியணைக்காக அடுத்த ஓராண்டில் கால்பா, ஓத்தோ, விட்டெலியஸ், வெஸ்பாசியன் என நால்வர் மாறினர். பெட்ரியாகம் களத்தில் உரோமானியரை உரோமானியரே இருமுறை கொன்று குவித்தனர். தன் கையைத் தூய்மையாக வைத்துக்கொண்டவன், பிறர் கை குருதியில் தோய்வதற்கு இடங்கொடுத்தான் எனலாமா? எனலாகாது என்பதே பொருந்தும். படையின் ஆரவாரத்தால் வரும் ஆட்சியை ஏற்றிருந்தால், அடுத்த படையின் ஆரவாரத்தைச் சட்டமீறல் எனச் சொல்லும் உரிமையை அவர் அன்றே இழந்திருப்பார். பேரரசரைத் தேர்தல் செனட் அவைக்குரியது என்னும் அவர் நிலைப்பாடு நடைமுறையில் தோற்றது. தோற்றமையால் அது தவறாகிவிடவில்லை.

பெர்டினாக்ஸின் எண்பத்தேழு நாள்

பதவியை ஏற்றபின் நன்மை செய்தலே ஊறாக முடிந்தமைக்குப் பெர்டினாக்ஸின் ஆட்சி தக்க சான்று. விடுதலை பெற்ற அடிமை ஒருவரின் மகனாக 126இல் பிறந்து, இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியராக வாழ்வைத் தொடங்கி, படைப்பணியால் உயர்ந்து உரோம் நகரின் தலைமை ஆட்சியாளரானவர் அவர். 192 டிசம்பர் 31 இரவில் கொமோடஸ் கொல்லப்பட்டபின், காவற்படைத் தலைவன் லீட்டஸ் முதலியோர் அவரைப் பேரரசராக்கினர். அப்பொழுது அவர் அகவை 66.

கருவூலத்தில் எஞ்சியிருந்தது பத்து இலட்சம் செஸ்டர்ஸ் மட்டுமே. புதிய பேரரசர் காவற்படையினர்க்கு நன்கொடை வழங்குதல் நெடுநாள் வழக்கு. அதனை வழங்காதிருந்த கால்பா 69இல் கொல்லப்பட்டதை உரோம் மறக்கவில்லை. பெர்டினாக்ஸ் ஆளுக்கு 12,000 செஸ்டர்ஸ் தருவதாக உறுதியளித்தார். கொமோடஸ் தொகுத்துவைத்த ஆடம்பரப் பொருள்களை ஏலத்தில் விற்றார். அரச உடைமைகளின்மேல் தம் பெயரைப் பொறிக்க ஒப்பவில்லை. செனட் அவை அளிக்க முன்வந்த சிறப்புப் பட்டங்களைத் தம் மனைவிக்கும் மகனுக்கும் ஏற்கவில்லை. மகனை அரண்மனைக்கு வெளியே பாட்டனார் இல்லத்திலேயே வளரவிட்டார். தந்தையின் பதவி மகனுக்குக் கூற்றமாகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். காவற்படையினர் நகரமக்களைக் கொள்ளையிடுதல் தடுக்கப்பட்டது. அவர்தம் பகைமைக்கு அதுவே முதற்காரணம்.

இந்நேர்மையாளரும் ஒரு பொய் சொன்னார். கருவூலம் வறிதாயிருந்தும், மார்க்கஸ் அரேலியஸும் லூசியஸ் வேரஸும் வழங்கிய அளவே தாமும் வீரர்க்கு வழங்கியதாகச் செனட் அவையில் கூறினார். அவ்விருவரும் வழங்கியது ஆளுக்கு 20,000 என்பதை ஆங்கு நின்ற வீரர்கள் அறிவர். அவ்வவையின் உறுப்பினராக இவற்றைக் கண்ட காசியஸ் டியோ, வீரர்கள் சினத்தோடு முணுமுணுத்ததைப் பதிவு செய்துள்ளார். பிறரெல்லாம் அஞ்சியே பொய்யுரைத்த அவ்வவையில், செய்த நன்மையைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும் விழைவால் எழுந்த இச்சிறு பொய்யே அவர் முடிவை விரைவுபடுத்திய காரணங்களுள் ஒன்றாயிற்று.

ஃபால்கோ என்னும் கான்சலைப் பேரரசராக்கும் சூழ்ச்சியும் வெளிப்பட்டது. தம் ஆட்சியில் செனட் உறுப்பினர் எவரும் கொல்லப்படலாகாது எனக் கூறி ஃபால்கோவை உயிரோடு விட்டார் பெர்டினாக்ஸ். ஆனால் லீட்டஸ் அச்சூழ்ச்சியைச் சாக்காக்கி, பேரரசரின் ஆணை எனக் காட்டி வீரர் பலரைக் கொன்றான். உயர்குடியினன் பிழைத்தான், வீரர்கள் மாண்டனர். எஞ்சியோர் தமக்கும் அந்நிலையே நேருமென அஞ்சினர். பெர்டினாக்ஸின் அருளுடைமை செனட் அவையைக் கடந்து செல்லவில்லை என வீரர் கருதியிருப்பின், அதில் வியப்பில்லை.

193 மார்ச் 28 அன்று ஏறத்தாழ இருநூறு வீரர்கள் உருவிய வாளோடு அரண்மனைக்குள் புகுந்தனர். வாயில்களை அடைத்து ஒளிந்திருக்கலாம். இரவுக் காவலரையும் குதிரைப்படையையும் கொண்டு தாக்கியும் இருக்கலாம். இரண்டையும் செய்யாது பெர்டினாக்ஸ் அவர்கள் எதிரே சென்று நின்றார். முதலில் அவர்கள் நாணித் தலைகுனிந்து வாளை உறையிலிட்டனர் என்கிறார் டியோ. பின் ஒருவன் பாய்ந்து வெட்டினான். உடனிருந்து பொருது மடிந்தவர் எக்லெக்டஸ் என்னும் அரண்மனைப் பணியாளர் ஒருவரே.

எல்லாவற்றையும் ஒருசேரச் சீர்திருத்த இயலாது என்பதைப் பட்டறிவு மிக்க பெர்டினாக்ஸ் அறியாது போனார் என்பது டியோவின் தீர்ப்பு. இத்தீர்ப்பு விரைவைக் குறைகூறுகிறதே அன்றிச் செயலைக் குறைகூறவில்லை. ஆயினும் இதனுள் ஓர் அறவினா மறைந்துள்ளது. தனிமனிதன் நேர்மைக்காக உயிர்விடின் இழப்பு அவனுக்குரியது. பேரரசன் உயிர்விடின்? பெர்டினாக்ஸ் இறந்த அன்றே காவற்படையினர் ஆட்சியை ஏலமிட்டனர். பாசறைக்குள் நின்று ஏலம் கேட்டவர் பெர்டினாக்ஸின் மாமனார் சல்பிசியானஸ். மதிலுக்கு வெளியே நின்று கேட்டவர் டிடியஸ் ஜூலியானஸ் என்னும் செல்வர். ஆளுக்கு 20,000 வரை சென்ற விலையை ஜூலியானஸ் ஒரே மூச்சில் 25,000 ஆக உயர்த்தி வென்றார். தொடர்ந்து மூன்று எல்லைப் படைகள் மூன்று பேரரசரை அறிவித்தன. அவருள் செப்டிமியஸ் செவரஸ் வென்று முடிக்க 197 வரை ஆயிற்று. அவ்வாண்டில் 29 செனட் உறுப்பினர்கள் கொல்லப்பட்டனர். பெர்டினாக்ஸ் சற்று வளைந்துகொடுத்திருப்பின் இவை நிகழ்ந்திரா எனக் கணக்கிடுவது எளிது. அக்கணக்கு முற்றிலும் தவறன்று. ஆட்சியாளனின் உயிர் அவனுக்கு மட்டும் உரியதன்று என்னும் அளவில் அது மெய்யே. ஆனால் கொள்ளையைத் தடுத்தவனே கொள்ளையர் வாளுக்கும் பொறுப்பாவான் எனின், வாளேந்தியவன் பொறுப்பு எங்கே போயிற்று?

ஏலத்தில் வென்ற ஜூலியானஸ் 66 நாள் ஆண்டு, சூன் முதல் நாளில் கொல்லப்பட்டார். தாம் என்ன தீங்கு செய்ததாகவும் யாரைக் கொன்றதாகவும் இறக்கும் தறுவாயில் வினவினார் என்பது டியோவின் குறிப்பு. அவர் எவரையும் தம் கையாற் கொல்லவில்லை; விலை மட்டுமே கொடுத்தார். கட்டாயம் என்னும் சமாதானத்திற்கு இடமே இல்லாத ஒரே பேரரசர் அவர் எனலாம். இருப்பினும் தம் குற்றம் யாதென அறியாமலேயே அவர் இறந்தார்.

அச்சம் கைமாறுதல்

அஞ்சப்படும் அரசன் தானும் அஞ்சியே வாழ்வான் என நீரோவுக்கு எழுதிய அருளுடைமை பற்றிய நூலில் செனெக்கா அறிவுறுத்தினார். அந்நீரோவின் ஆணையாலேயே 65இல் உயிர்விட்டார். திருக்குறளும் குடிகள் அஞ்சுவன செய்யாமையை வெருவந்த செய்யாமை எனத் தனி அதிகாரமாக வகுத்துரைக்கும். இவ்விரு நூல்களிலும் அச்சத்தின் ஊற்று அரசனே. கொந்தளிப்புக் கால உரோமில் ஊற்று எங்கிருந்தது எனச் சொல்வதே அரிது. 217இல் காவற்படைத் தலைவராயிருந்த மக்ரீனஸ் பேரரசராவார் என ஆப்பிரிக்காவில் ஒருவன் குறி சொன்னான். அச்செய்தி பேரரசர் கரக்கல்லாவின் காதுக்கு எட்டினால் மக்ரீனஸுக்கு இறப்பு உறுதி. செய்தி தாங்கிய மடல் சுற்றுவழியாகச் செல்ல, நண்பரொருவர் விடுத்த எச்சரிக்கை மக்ரீனஸை முதலில் அடைந்தது. அவர் கரக்கல்லாவைக் கொல்வித்துத் தாமே பேரரசரானார். குறி பலித்தது அன்று. குறிக்கு அஞ்சியதே அதனைப் பலிக்கச் செய்தது. அடுத்த ஆண்டில் அவரும், சிறுவனாகிய அவர் மகனும் கொல்லப்பட்டனர்.

ஆரேலியனின் முடிவும் இதற்கு இனமானது. சிதறிய பேரரசை மீண்டும் ஒன்றாக்கிய அவரை 275இல் பைசாந்தியத்திற்கு அருகே அவர்தம் அலுவலர்களே கொன்றனர். தண்டனைக்கு அஞ்சிய செயலாளன் ஒருவன், கொல்லப்படவிருப்போர் பட்டியல் ஒன்றைப் பேரரசர் கையெழுத்தைப் போலவே எழுதி அவர்களிடம் காட்டினான். பட்டியல் பொய், ஆனால் ஆரேலியனின் கடுமையை அறிந்தோர்க்கு அதனை நம்புதல் எளிதாயிருந்தது. கொன்றபின் உண்மையறிந்து வருந்தினர். இங்குக் கொன்றோரும் அரிஸ்டாட்டில் காட்டிய கலத்தில் இருந்தவர்களே. தம் உயிர் காக்கும் பொருட்டு அவர்கள் எறிந்தது பேரரசரை.

வீரர்தம் தரப்பையும் ஈண்டு எண்ணுதல் வேண்டும். டியோவும் டாசிட்டஸும் செனட் உறுப்பினர்; வீரர்கள் தம் வரலாற்றை எழுதவில்லை. 270ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் ஊதியமாகப் பெற்ற வெள்ளி நாணயத்தில் வெள்ளி நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவு. எல்லையில் பகைவர் புகுந்த போதெல்லாம் பேரரசர் வேறோர் எல்லையில் இருந்தார். தம் ஊரையும் குடும்பத்தையும் காக்க அருகிலிருந்த தலைவரையே பேரரசராக்கிக்கொள்ளுதல் அவர்கள் நோக்கில் பேராசையன்று. புரோபஸைச் சிர்மியம் நகரருகே சதுப்பு நிலத்தை வடிக்கும் பணியில் ஏவப்பட்ட வீரர்கள் 282இல் கொன்றதாகக் கூறும் நூல்கள், அவர்கள் அப்பணியில் பட்ட பாட்டை விரித்துரைப்பதில்லை.

இறங்கும் வழி

ஏறியவர் இறங்க முடியுமா என்பது எஞ்சிய வினா. 69 டிசம்பரில் தோல்வி உறுதியானபின் விட்டெலியஸ் பதவி துறக்க முனைந்தார். கருநிற ஆடையுடுத்து, சிறுவனான மகனைப் பல்லக்கில் கொண்டு மக்கள் மன்றத்திற்கு வந்து, தம் குறுவாளைக் கழற்றிக் கான்சலிடம் நீட்டினார். கான்சல் வாங்க மறுத்தார். மக்கள் பிற வழிகளையெல்லாம் அடைத்து, அரண்மனைக்குச் செல்லும் வழியை மட்டும் திறந்துவிட்டனர். அவர் திரும்பிச் சென்றார். சில நாளில் தெருவில் இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். மகனும் பின்னர்க் கொல்லப்பட்டான். விட்டெலியஸ் பெருந்தீனிக்காரர், கொடியவர் எனப் பழிக்கப்படுபவர். ஆயினும் அன்று அவர் செய்ய முனைந்தது நற்செயல். அதனைச் செய்யவிடாது தடுத்தவர்கள் அவரை நேசித்தவர்களே.

தம் விருப்பால் இறங்கி, இயல்பாக வாழ்ந்து முடித்த பெருமை டயோக்ளீஷியனுக்கு உரியது. 284இல் படையால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், ஆட்சியை நால்வருக்குப் பகிர்ந்து, அரசுரிமைக்கு ஒரு முறைமை வகுக்க முயன்று, 305 மே முதல் நாளில் நிக்கோமீடியா அருகே ஊதா ஆடையைக் களைந்தார். தால்மேஷியக் கடற்கரையில், இன்றைய ஸ்பிளிட் நகரில், தாம் கட்டிய மாளிகைக்குச் சென்றார். அம்மாளிகையும் கோட்டை மதில்களோடுதான் கட்டப்பட்டது. அவர் வகுத்த முறைமை ஓராண்டிலேயே குலைந்தது. 308இல் மீண்டும் ஆட்சியேற்க வேண்டப்பட்டபோது, தம் கையால் வளர்த்த கீரைத் தோட்டத்தைக் காட்டி அவர் மறுத்ததாக ஒரு மரபு உண்டு. இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி அமைதியான முதுமையைப் புகழ்வோர், அதன் பின்னிகழ்ந்ததைப் பெரும்பாலும் கூறுவதில்லை.

அவர் மகள் வலேரியா, பேரரசர் கலேரியஸின் மனைவி. 311இல் கணவர் இறந்தபின், புதிய ஆட்சியாளர் மாக்சிமினஸ் டாயா அவரை மணக்க விரும்பினார், வலேரியா இசையவில்லை. அவர்தம் உடைமைகள் பறிக்கப்பட்டன. தாய் பிரிஸ்காவோடு அவர் நாடுகடத்தப்பட்டார். மகளைத் தம்மிடம் அனுப்பிவைக்குமாறு டயோக்ளீஷியன் தூதர் வழியாகப் பலமுறை வேண்டினார். இருபது ஆண்டுகள் உலகாண்ட கையில் அப்பொழுது படை இல்லை. மாக்சிமினஸ் அவ்வேண்டுகோளுக்கு இணங்கவில்லை. தந்தை இறந்தபின், தாயும் மகளும் ஓராண்டுக்கு மேலாக எளிய உடையில் ஊர் ஊராக மறைந்து திரிந்து, இறுதியில் தெசலோனிக்காவில் அடையாளம் காணப்பட்டு, லிசினியஸின் ஆட்சியில் தலை துணிக்கப்பட்டனர். அவர்தம் உடல்கள் கடலில் எறியப்பட்டதாக லாக்டான்சியஸ் எழுதியுள்ளார்.